பதினோரு வேலை பார்த்தவர்

“பதினோரு வேலை! ஒண்ணுலகூடக் கால் ஊனலையே சார்?”

கேட்டவள் காது மருத்துவர். கடைசி நோயாளியும் போய்விட்டிருந்தார். அவளுக்கு முப்பது வயது இருக்கும். எதிரே இருந்தவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியின் நுனியில் இருந்தார். இந்த இடம் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கேட்பதாக இல்லை.

“ஊனினேன், டாக்டர். ரெண்டு மூணு வருஷத்துல அடுத்ததைப் பார்க்கக் கை பரபரக்கும்.”

“பேக்கரி, அச்சகம், பூட்டு ரிப்பேர், பள்ளிக்கூட பஸ்... முதியோர் இல்லத்துல என்ன பண்ணீங்க?”

“சமையல். லீவுல போன சமையல்காரர் திரும்பி வந்ததும், முடி வெட்டினேன்.”

அவள் சிரிப்பை அடக்கினாள். “நான் பத்து வயசுலயே டாக்டர்னு முடிவு பண்ணிட்டேன். அதுலயும் காது மட்டும். மூக்கைக் காட்டினாக்கூடப் பக்கத்து ரூமுக்கு அனுப்பிடுவேன்.”

“குடுத்து வெச்ச காது.”

“உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் என்னை மாதிரிதான். முப்பது வருஷம் ஒரே வேலை. அதுல புலி. பல்பு மாத்த மட்டும் வெளியில ஆள் தேடணும்.”

அவள் குரல் இறங்கியது.

“அவர் இடத்துக்கு வர்றீங்க. எல்லாரும் அவரையேதான் நினைச்சுட்டிருப்பாங்க. சமாளிச்சுடுவீங்களா?”

அவர் அவசரப்படவில்லை.

“பதினோரு இடத்துலயும் நான்தான் புது ஆள். போனதும் எதையும் இடம் மாத்த மாட்டேன். முன்னாடி இருந்தவர் சுத்தியலை ஜன்னல்ல வெச்சிருந்தா அது ஜன்னல்லயே இருக்கும். ஏன் அங்கன்னு கேட்பேன். கேட்டா அவரைப் பத்திச் சொல்ல ஆரம்பிப்பாங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். ஒரே இடத்துல இருந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

“இதையும் ரெண்டு வருஷத்துல விட்டுட்டா?”

“வேலையைத்தான் விட்டேன், டாக்டர். ஆளுங்களை விட்டதில்ல. பேக்கரிக்காரர் இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம வீட்டுக்கு வர்றார், திட்டறதுக்கு.”

அவள் கைபேசியை எடுத்தாள்.

“அம்மா, இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. தாராளமா கல்யாணம் பண்ணிக்கோ.”