ஆற்றோடு போன சப்பாத்து

"ஒரு சப்பாத்து. அதுவும் ஒத்தைக் கால் சப்பாத்து. இத வச்சு ஒரு பதிவாங்க?"

பிரியந்தி சிரித்தாள்.

அவள் கணவன் விஜிதரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவன் பிளாக்கில் எல்லாமே இப்படித்தான். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது ஒரு பதிவு. ஹட்டன் பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு கோவா, வெறும் முட்டைக்கோஸ், அது ஒரு பதிவு. ஒன்றுமில்லாத விஷயத்தைத்தான் எடுப்பான். முதல் வரியிலேயே வாசிப்பவனின் சட்டையைப் பிடிப்பான். விஷயத்தைக் கடைசிவரை ஒளித்து வைப்பான். அந்தக் கோவாவுக்காகக் கனடாவிலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே கமெண்ட் போட்டிருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஒன்றும் எடுபடவில்லை.

அந்தப் பக்கம் அண்ணன் துஷாந்த்.

ஒரே லயம், தோட்டத்து வரிசை வீடு. ஒரே கூரை. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரையை எட்டாத சுவர். இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள்.

அண்ணனின் ஆடு தம்பியின் லீக்ஸ் பாத்தியை மேய்ந்த நாளிலிருந்து பேச்சு இல்லை. ஆட்டைக் கட்டத் தெரியாதா என்று தம்பி கேட்டான். வேலி போடத் தெரியாதா என்று அண்ணன் கேட்டான். சண்டை அவ்வளவுதான். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு போய் வந்தது. ஆட்கள் போய் வரவில்லை.

விடிந்தால் அண்ணன் குடும்பம் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கட்டிய புது வீட்டுக்குப் போகிறது.

தனி வீடு. தனிக் கூரை.

ஒரு சுவர் தூரத்தில் இருக்கும்போதே பேசாதவர்கள், மேடு ஏறி வந்தா பேசப் போகிறார்கள்?

விஜிதரனுக்கு அது தெரியும். காலையிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு எட்டு போயி, அண்ணேன்னு கூப்பிட்டா என்னவாம்?" என்று பிரியந்தியும் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"ஆடு யாரோடது?" என்றான் அவன்.

மழை விட்டது.

விஜிதரன் சட்டென்று எழுந்தான். சுவரோரம் போய் நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவை வாசிக்க ஆரம்பித்தான். கோயில் ஸ்பீக்கர் தோற்றது.

"மெதுவாங்க. நான் இங்கதான இருக்கேன்!"

அவன் குறைக்கவில்லை.

"அன்றைக்கு ஆறு கேட்டது ஒரு பையனை. அதற்குக் கிடைத்ததோ ஒரு சப்பாத்து."

அந்தப் பக்கம் பெட்டி இழுக்கும் சத்தம் நின்றது.

"அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடம் புறப்பட்டார்கள். இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறை. ஆற்றங்கரைக்கு வந்தால், பலகைப் பாலத்தைக் காணோம்."

பிரியந்தி சிரிப்பை மறந்தாள்.

"அண்ணன் பயத்தில் அழுதான். நான்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டேன். நடு ஆற்றில் என் சப்பாத்து ஒன்று கழன்றது. ஒத்தைச் சப்பாத்தோடு போன என்னை மாஸ்டர் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். ஏன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை."

"டேய் விஜி!"

கூரை அதிர்ந்தது.

"யாருடா யாரத் தூக்குனது? மூக்க ஒழுக விட்டுக்கிட்டு என் கழுத்துல தொங்கிக்கிட்டு வந்த பய, நீ என்னைத் தூக்குனியா?"

விஜிதரன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு அப்படித்தாண்ணே ஞாபகம்."

"ஞாபகமா? இருடா, வர்றேன்!"

அந்தப் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. இந்தப் பக்கத்துக் கதவும் திறந்தது. மூட்டை கட்டிய கயிறு கையில் தொங்க, சாரத்தை மடித்துக் கட்டியபடி துஷாந்த் உள்ளே வந்துவிட்டான். பின்னாலேயே அண்ணி, வாயைப் பொத்திக்கொண்டு.

"கேளும்மா பிரியந்தி. இவன் அப்ப ரெண்டாம் ஆண்டு. ஒரு குடம் தண்ணியத் தூக்க மாட்டான். ஆத்தப் பாத்ததும் வீட்டுக்குப் போவோம்னு கத்துறான். நான் தூக்குனேன். என் சப்பாத்து போச்சு. வெளிய நின்னவன் நானு!"

"உக்காருங்க மாமா," என்று நாற்காலியை நகர்த்தினாள் பிரியந்தி. அண்ணி கேத்தலை அடுப்பில் வைத்தாள், அது தன் வீட்டு அடுப்பு என்பதுபோல.

"இவன் பிளாக்க உலகமே வாசிக்குதாம்," துஷாந்த் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "எல்லாருக்கும் இந்தப் பொய்யா போவும்? மாத்துடா. இப்பவே மாத்து. நாளைக்கு சாமான் தூக்கவாவது வருவியா, இல்ல அங்கயும் நான்தான் உன்னைத் தூக்கணுமா?"

"வர்றேண்ணே," என்றான் விஜிதரன்.

தோள் அண்ணனின் பிடியிலேயே இருக்க, போனை மட்டும் மனைவியிடம் நீட்டினான்.

"அண்ணே சொல்றது மாதிரியே திருத்திடு."

பிரியந்தி வாங்கினாள். அந்த இடத்தைத் தேடினாள். அங்கே எழுதியிருந்தது வேறு.

'நான் பயத்தில் அழுதேன். அண்ணன்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். நடு ஆற்றில் அவன் சப்பாத்து ஒன்று கழன்றது.'

நிமிர்ந்து பார்த்தாள். அவள் கணவன் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அண்ணன் திட்டுவதை வாய் நிறையச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தான்.

எழுத்து எதையும் தொடாமல், திரையின் மேலே சும்மா விரலை அசைத்தாள்.

"திருத்திட்டேங்க மாமா," என்றாள்.