ஒன்பதாவது நிமிடம்

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, முழங்கால் மடங்குவதற்காகத் தினமும் பதினைந்து நிமிடம் பெடல் மிதிக்கச் சொல்லியிருந்தார்கள். ரோட்டில் ஓட்டக் கூடாது. அதனால் ரெஜினா கூடத்தில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கணவன் ஞானசெல்வத்தைக் கைத்தாங்கலாக ஏற்றிவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும். "தண்ணி டேங்கு தாண்டிட்டேன்," என்பார். "ஐஸ் கம்பெனி வந்துட்டு." சரியாக ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நிறுத்திவிடுவார். சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். லாரி அவரை அடித்துப்போட்ட பாலத்து வளைவு அங்கேதான் வரும்.

"நடுவீட்டுல நிக்கிற சைக்கிளுக்கு லாரி எங்கேருந்துங்க வரும்?"

"உனக்குத் தெரியாது ரெஜி."

இன்று காலை அவளும் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். "நான் பின்னாடியேதான் இருக்கேன். நிறுத்தாம மிதிங்க," என்று சொல்லிவிட்டு, அவருக்குத் துணையாகத் தானும் கண்ணை மூடிக்கொண்டாள். டேங்கு போனது. ஐஸ் கம்பெனியும் போனது. அவர் விரல்கள் பிரேக்கைத் தேடுவது அவளுக்குத் தெரிந்தது.

"வேண்டாம், விடுங்க."

விட்டார். வளைவில் திரும்புகிறவரைப் போல அவர் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. கூடவே அவளும் சாய்ந்தாள். சக்கரம் நிற்காமல் சுற்றியது.

"நீ சொன்னது சரிதான் ரெஜி," என்றார், நெடுநாளைக்குப் பிறகு சிரித்து. "ரோடு காலியாத்தான் கிடக்கு."

மூடிய கண்ணைத் திறக்காமலே, பின்னாலிருந்து அவள் அவருடைய சட்டையை இறுகப் பற்றினாள்.

"பிரேக்கப் புடிங்க," என்றாள்.