ஒரு கப் மைதா எத்தனை கிராம்

“அக்கா, போனை வச்சிடாதீங்க. ஒரு கப் மைதான்னா எத்தனை கிராம்?”

குரலைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். அக்கா அக்கா என்று என் அடுப்படியே கதியென்று கிடந்தவள். கடைசியில் என் புருஷனையே கூட்டிக்கொண்டு போனவள். இப்போது கிராம் கேட்கிறாள்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். கேட்கச் சுகமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

விஷயம் இதுதான். அவருக்கு நான் செய்கிற சாக்லேட் கேக்தான் வேண்டுமாம். அவள் செய்தால் ஒவ்வொரு தடவையும் செங்கல்லாக வருகிறதாம். ‘அவ கைப்பக்குவம் உனக்கு வராது’ என்று தட்டைத் தள்ளிவிட்டு, இன்று காலை கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். இந்த ஒரு தடவை சரியாக வந்தால் கூப்பிட்டு முன்னால் வைத்துவிடுவாளாம். வராவிட்டால் குடும்பமே போய்விடும் என்று விசும்பினாள்.

போகட்டுமே. என் குடும்பம் போனபோது யாருக்கு வலித்தது?

எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். என்னிடம் பார்த்துக் கற்ற கப் கணக்கை, புதிதாக வாங்கிய தராசுக்கு மாற்றியிருக்கிறாள். சர்க்கரைப் பாக்கெட்டில் ஒரு கப் இருநூறு கிராம் என்று போட்டிருந்ததாம். கப் என்றால் கப்தானே என்று மைதாவிலும் இருநூறு, கோகோவிலும் இருநூறு கொட்டியிருக்கிறாள்.

மக்கு! அது எங்கே உப்பும்?

என் தராசில் வெறும் கப்பை வைத்துப் பூஜ்யமாக்கினேன். மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டேன். அழுத்தவில்லை, தட்டவில்லை. கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டுப் பார்த்தேன்.

நூற்று இருபத்தைந்து.

“எவ்வளவுக்கா?” என்று மறுமுனையில் அவள் அவசரப்படுத்தினாள்.

இருநூறு சரிதான், உன் ஓவனில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனி எத்தனை கேக் சுட்டாலும் செங்கல்தான். இவள் நாசமாகப் போக வேண்டும் என்று எத்தனை நாள் வயிறெரிந்திருப்பேன்! வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

முன்னறையில் இருமல் சத்தம் கேட்டது.

சொல்ல வந்ததை விழுங்கினேன்.

“நூத்தி இருபத்தஞ்சு. எழுதிக்கோ,” என்றேன்.

அதோடு விடவில்லை. கோகோவை நிறுத்துச் சொன்னேன். வெண்ணெயை நிறுத்துச் சொன்னேன். பாலை மில்லியில் அளந்து சொன்னேன். எல்லாவற்றையும் அவளைத் திருப்பிச் சொல்லவைத்தேன். ஓரிடத்தில் தப்பாகச் சொன்னாள், அதட்டித் திருத்தினேன்.

“உங்களுக்குப் பெரிய மனசுக்கா,” என்று மறுபடியும் அழுதாள்.

பெரிய மனசாம்!

போனை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன். காலையில் வந்து உட்கார்ந்த சோபாவை விட்டு அவர் அசையவில்லை. அதற்குள் பெட்டியைப் பிரித்து, ஈரத் துண்டை நாற்காலியில் விரித்துப் போட்டிருந்தார். டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று பாதியை மிச்சம் வைத்திருந்தார். பழசையெல்லாம் நான் மறந்துவிட வேண்டுமாம், என் கைச் சாப்பாடு இல்லாமல் அவருக்கு உடம்பே தேறவில்லையாம்.

துண்டைச் சுருட்டிப் பெட்டிக்குள் திணித்தேன். பெட்டியை நானே தூக்கி வாசலில் வைத்தேன்.

“கிளம்புங்க. அங்க கேக் ரெடியாகுது.”

“அவளுக்கு எங்க வரப்போகுது?” என்றார்.

“வரும். கிராம் கணக்கா சொல்லிக் குடுத்திருக்கேன். இனிமே ஆயுசுக்கும் வரும்.”