கோணல் வாய்

வாய் இன்றைக்கும் கோணலாகத்தான் வந்தது.

அவள் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தாள். டேப்லெட்டில் படம் போடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிட்டால், பழகிய கண்ணுக்குப் படாத தப்பெல்லாம் பல்லை இளிக்கும்.

இளித்தது. கணவருடைய வாயின் இடது ஓரம் ஒரு ஆணி கழன்ற பலகை மாதிரி தொங்கியது.

பதினோரு வருடமாகக் கிறுக்கியும் ஒரு வாயை நேராக வைக்கத் துப்பில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகங்கள்தான். ஆரம்பத்தில் அதில் ஒன்றுகூட அவள் படத்துக்குள் வந்ததில்லை. கோழிமுட்டைக் கண், கடுகு மூக்கு, முடிந்தது கதை. மாமியாரை வரைந்தாலும் மேலதிகாரியை வரைந்தாலும் அதே பொம்மைதான், முடி மட்டும் மாறும்.

நாலு வருடம் கழித்துத்தான் மனதில் இருப்பதை விட்டுவிட்டு எதிரில் இருப்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கோடுகள் குறைந்தன. கண் சிறுத்தது. நீங்கள் வரைந்தால் ஆள் மூச்சு விடுகிறார் என்று படம் வரைபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எழுதியதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர்தான் மாடல். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், அந்தரத்தில் ஆடாமல் நின்று பழகிய உடம்பு. அவள் போதும் என்று சொல்லும்வரை மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதரின் வாய் எட்டு மாதமாக அவளிடம் சண்டித்தனம் செய்தது.

குழுவில் கேட்டாள். கை ஒரு பக்கம் சாய்வது எல்லாருக்கும் உள்ளதுதான், சரியாக வந்த பாதியை நகலெடுத்து, திருப்பி, மறுபாதி மேல் ஒட்டிவிடுங்கள் என்றார்கள். ஒட்டினாள். முகம் செதுக்கி வைத்ததுபோல் ஆனது. உங்கள் பாணி ஒரு படி ஏறிவிட்டது என்று பாராட்டும் வந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்றைக்கும் ஒட்டினாள்.

எதிரில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் சொட்டியது. வாயில் என்ன ஓட்டையா என்று கேலி செய்வது இப்போதெல்லாம் அவளுக்கு வழக்கமாகிவிட்டது. பல் கூச்சம் என்பார். இடது கண்ணில் நீர் வடிந்தால் லிஃப்ட் குழித் தூசி என்பார்.

இந்த வாரம் குழுவில் ஒரு விளையாட்டு. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை வரிசையாகப் போட வேண்டும், வரைந்த வீடியோவோடு. ஒவ்வொரு படத்தையும் முதல் கோட்டிலிருந்தே டேப்லெட் பதிவு செய்து வைத்திருக்கும். அழித்த கோடும் அதில் இருக்கும்.

ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

பழைய பொம்மைகளைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. போன வருடத்துப் படத்தில் அவருடைய வாய் ஒரே கோட்டில், அப்பழுக்கில்லாமல் விழுந்திருந்தது. அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எட்டு மாதத்துக்கு முந்தைய படத்தில் வாயோரம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. அழித்து மறுபாதியை ஒட்டியிருந்தாள். அடுத்ததில் இரண்டு நூல். போன மாதம் வாயோடு சேர்ந்து இடது இமையும் இறங்கியிருந்தது. அதையும் அழித்து ஒட்டியிருந்தாள்.

கை கெட்டுவிட்டதோ என்று பயம் வந்தது. உள்ள ஒரே சந்தோஷத்திலும் மண் விழுந்துவிட்டதோ?

அதே மாதங்களில் போட்ட மற்ற முகங்களைத் தேடி எடுத்தாள். பக்கத்து கவுண்டர்க்காரி. நாத்தனார். தினமும் ஏழரை வண்டிக்குச் சில்லறை இல்லாமல் வந்து நிற்கும் வழுக்கைத்தலை. வீடியோ ஓடியது. எல்லா வாயும் முதல் கோட்டிலேயே நேராக இருந்தது.

இன்னொரு தடவை ஓடவிட்டாள். அப்போதும் நேராகத்தான் இருந்தது.

அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டிய மனைவி, கூட வேலை பார்க்கிறவர்கள், அவர் என்று யாருக்கும் தெரியாததை அவள் கை எட்டு மாதத்துக்கு முன்பே பார்த்துச் சொல்லியிருக்கிறது. வாரா வாரம் சொல்லியிருக்கிறது. அவள் வாரா வாரம் அதை அழித்திருக்கிறாள்.

"ஏங்க, இங்க பாத்துக் கொஞ்சம் சிரிங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். "இன்னிக்காவது நேரா வருதா பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வலது பக்கம் மட்டும்தான் சிரித்தது.

டேப்லெட் மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

அவர் அசையாமல் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் போதும் என்று சொல்லவில்லை.