அங்கிக்கு அளவு

"எங்கப்பாவை அனுப்பி வைக்க உனக்கு இவ்வளவு அவசரமா?"

நாத்தனார் கேட்ட கேள்வியில் மருமகளுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"அவசரம்னு இல்லக்கா. மாமாவுக்கு நோயில்பூசுதல் குடுக்கச் சொல்லி ஃபாதரைக் கூப்பிடலாமான்னுதான் கேட்டேன்."

"சாகப்போற நேரத்துல ஜெபிச்சுப் பூசுற எண்ணெய்தானே! அதைத்தான் அந்தக் காலத்துல அவஸ்தை பூசுறதுன்னு சொல்வாங்க. சாமியார் எண்ணெயோட உள்ளே வந்தா, பின்னாலேயே சவப்பெட்டி செய்யறவன் வந்து நிப்பான். அப்பா பார்த்தாருன்னா அந்தப் பயத்துலயே போயிடுவாரு!"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா சொல்றதும் நியாயந்தானே? அதுவும் அதை ஒரே ஒரு தடவைதான் குடுப்பாங்க. இப்பவே வாங்கிட்டா அப்புறம் என்ன பண்றது?"

கட்டிலில் கிடந்தவர் பெயர்போன தையல்காரர். அந்தக் கோவிலுக்கு வந்துபோன சாமியார்கள் அத்தனை பேருக்கும் அங்கி தைத்துக் கொடுத்தவர். போன மாதம் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஃபாதர் பார்க்க வந்தார். உடனே இவர் எழுந்து உட்கார்ந்து, "ஃபாதருக்குப் புது அங்கிக்கு அளவு எடுக்கணும். எல்லாரும் கொஞ்சம் வெளியே போய்க் கதவைச் சாத்துங்க" என்று விரட்டிவிட்டார். கத்தி வைக்கப் போகிற நேரத்திலும் மனுஷனுக்குத் தொழில் புத்தி போகவில்லையே என்று குடும்பமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஆபரேஷன் முடிந்து நன்றாகத்தான் தேறி வந்தார். இந்த வாரம் மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. இதயம் களைத்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருமகளுக்கு இருந்தது ஒரே பயம். பூசாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? வாழ வந்த நாளிலிருந்து அவள் துணியை வெளியே தைக்கக் கொடுக்க விடாத மனுஷர். அவரை வெறுமனே அனுப்ப அவளுக்கு மனசு கேட்கவில்லை.

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே கோவிலுக்குப் போனாள்.

"ஒரு தடவைதான்னு யாரும்மா சொன்னது?" என்றார் ஃபாதர். "நோய் கூடினா மறுபடியும் பூசலாம். இது சாகப்போறவங்களுக்கு மட்டும் இல்ல. படுத்திருக்கிறவங்களுக்குத் தெம்பு குடுக்கத்தான்."

"அவரு பயந்துடுவாருன்னு வீட்டுல பயப்படறாங்க ஃபாதர்."

ஃபாதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, விழுங்கிவிட்டு, "சாயங்காலம் வர்றேன்" என்றார். அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்த மாதிரி பட்டது.

சாயங்காலம் வெள்ளை அங்கியோடு அவர் வாசலில் வந்து நின்றதும் நாத்தனார் மருமகளை எரித்துவிடுவது போல் பார்த்தாள். வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. மகன்தான் அவரைக் கூடத்திலேயே மடக்கி, காதருகே கிசுகிசுத்தான்.

"ஃபாதர், ஒரு உதவி. தலைவலித் தைலம்னு சொல்லி நெத்தியில பூசி விட்டுடுங்களேன்."

"ஏமாத்திக் குடுக்கிற சமாசாரமாப்பா இது? அவரு நல்ல நினைவோட இருக்காரு. அவரே வேணும்னு சொன்னாத்தான் பூசுவேன். யாராவது உள்ளே போய்க் கேட்டுட்டு வாங்க."

மகன் அக்காவைப் பார்த்தான். அக்கா மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தாள்.

"ஆரம்பிச்சவளே போய்க் கேட்கட்டும்" என்றாள் கடைசியில். "எங்கப்பாவுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு..."

மருமகள் உள்ளே போனாள். மாமனார் தலையணையில் சாய்ந்து, போர்வை ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஃபாதர் வந்திருக்காரு."

"வரட்டுமே."

"இல்ல மாமா... உங்களுக்கு நோயில்பூசுதல்... வேணுமான்னு..." அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

பெரியவர் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இதைக் கேட்கவா இப்படி நடுங்கறே? கூப்பிடும்மா. நானே எப்படிச் சொல்றதுன்னு தெரியாமக் கிடந்தேன்."

கதவுத் திரைக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. அவர் கண் அங்கே போயிற்று.

"ஒளிஞ்சது போதும். ரெண்டு பேரும் உள்ளே வாங்க."

மகள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி மூக்கை உறிஞ்சினான். பெரியவர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த அறையில் பயப்படாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஃபாதர் உள்ளே வந்தார். எண்ணெய்ச் சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கதவைச் சாத்தத் திரும்பினார்.

"திறந்தே இருக்கட்டும் ஃபாதர்" என்றார் பெரியவர். "இதுங்க பயந்துடுமேன்னுதானே போன மாசம் பூசினப்ப அங்கிக்கு அளவு எடுக்கிறேன்னு சொல்லி வெளியே அனுப்பினேன்."