முரசு சுமந்த கழுதை

காட்டை யார் ஆள்வது என்று அண்ணன் யானைக்கும் தம்பி யானைக்கும் போர் மூண்டது. இரண்டு படைக்கும் தீனி சுமந்ததென்னவோ அடிமைக் கழுதைகள்தான்.

தோற்றுக்கொண்டே வந்த அண்ணன் யானை, ஒருநாள் ஆற்றங்கரையில் முரசு அறையச் சொன்னது.

"அக்கரையில் தம்பியிடம் இருக்கும் கழுதைகளுக்கெல்லாம் இன்றுமுதல் விடுதலை! அடிமைத்தனம் மகாபாவம்!" என்று குரங்கு முரசடித்துக் கூவியது.

அந்த முரசைக் கட்டியிருந்தது அண்ணன் யானையின் கழுதை முதுகில்.

"அப்ப எனக்கு?" என்றது கழுதை.

"உனக்கெதுக்கு?" என்றது அண்ணன் யானை. "அங்கே கழுதைங்க ஓடினா தம்பி படை பட்டினி கிடக்கும். பாவம்னு சொன்னா, அவனுக்கு உதவ வர்ற பக்கத்துக் காட்டு யானைங்களும் கூசும். நீ ஓடினா எனக்கு யாரு சுமக்கிறது?"

"மகாபாவம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அக்கரையில பண்ணினா மகாபாவம்."

கழுதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காலையிலேர்ந்து என் முதுகுலதான் இது அதிருது. ஊருக்கெல்லாம் கேட்குது, எனக்கு மட்டும் கேட்கக்கூடாதா?"

முரசை உதறித் தள்ளிவிட்டு ஆற்றில் குதித்தது. அக்கரை ஏறி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, திரும்பி நின்று கத்தியது:

"யானையாரே! இப்ப நான் உங்க தம்பியோட கழுதை. அந்த விடுதலையை இன்னொரு தடவை அறிவிக்கச் சொல்லுங்க!"