சூப்பில் மறைந்த பூசணி

சூப்பை வடிகட்டி முடித்த பிறகுதான், சூப் முழுவதும் சிங்க்குக்குள் போய்விட்டது தெரிந்தது.

என் கையில் சல்லடை மட்டும் இருந்தது. அதற்குள் வெந்த பூசணியும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஆவி விட்டபடி என்னையே பார்த்தன. சத்தெல்லாம் குழாய் வழியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பு தனியாகச் சோறு வடித்துப் பழகிய கை. எதைக் கொடுத்தாலும் வடித்துவிடுகிறது.

"அப்பா, சூப் ஆயிடுச்சா?" என்று மேசையிலிருந்து மூத்தவள் குரல் கொடுத்தாள். அவளுக்கு ஆறு வயது.

"ஆயிடுச்சும்மா" என்றேன். பொய் இல்லை. ஆகி, போயும் ஆகிவிட்டது.

வேறொரு நாளாக இருந்தால் ரொட்டியில் ஜாமைத் தடவிக் கொடுத்துத் தப்பித்திருப்பேன். இன்று அது செல்லாது. நான்கு வருடம் கழித்து இவர்களுடைய அம்மாவைப் பழைய அலுவலகத்தில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்றே சொல்லியாக வேண்டும். பகலில் பிள்ளைகளுக்கு யார் சாப்பாடு கொடுப்பது என்ற ஒரே ஒரு இடத்தில்தான் அவள் மனம் இடறி நின்றது.

"நான் இருக்கேன்ல! எனக்குத்தான் ராத்திரி ஷிஃப்ட் ஆச்சே" என்று மார்தட்டியவன் நான்.

காலையில் அந்த அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவள், "சாப்பிட்டு முடிச்சதும் போன் பண்ணுங்க. கேட்டுட்டு அப்புறம் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். என் சமையல்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பன்னிரண்டு மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவனுக்கு, ஒரு ஸ்பூனை மேசையிலிருந்து வாய் வரைக்கும் ஏற்றுவதா பெரிய காரியம்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றில்தானே? சூப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே.

சல்லடையில் இருந்ததை மிக்சியில் கொட்டினேன். சுடச்சுடத் தண்ணீர், உப்பு, துளி மிளகு, ஒரு கட்டி வெண்ணெய். மூடியைப் பொருத்திக் குமிழைத் திருகினேன்.

கொதிக்கிற எதையும் ஆறவைக்காமல் அரைக்கக் கூடாது என்பதை மிக்சி தன் பாணியில் எனக்கு விளக்கியது.

மூடி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சீலிங்கில் மஞ்சளாக ஒரு புதிய கண்டம் தோன்றியிருந்தது. நல்லவேளை, பிள்ளைகள் தூரத்தில் இருந்தார்கள். என் சட்டை மட்டும் வீரமரணம் அடைந்தது.

"அப்பா, இன்னொரு தடவ!" என்று கைதட்டினான் சின்னவன். அவனுக்கு மூன்று வயது. எல்லாமே திருவிழாதான்.

ஜாரில் தப்பித்தது மூன்று கிண்ணத்துக்குத் தேறியது. கொண்டுபோய் வைத்தேன்.

மூத்தவள் ஒரு கிளறு கிளறினாள். முகர்ந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விமான நிலையத்தில்கூட என்னை இவ்வளவு சோதித்ததில்லை.

"இதுல என்னப்பா போட்டிருக்க?"

"வெயில்."

"வெயில்ல கொட்டை இருக்குமா?"

அவள் ஸ்பூனில், மிக்சிக்குத் தப்பிய பூசணி விதை ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே அலுவலகத்தில் இவர்களுடைய அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"முதல்ல நீ குடிச்சுக் காட்டு" என்றாள் மூத்தவள்.

எனக்கும் பூசணிக்கும் ஆகாது. நாக்கில் பட்டதுமே தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனாலும் பெற்ற கடமை. ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டேன். சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வராமல் கண்ணீர் வந்தது.

மூத்தவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். போச்சு, குடி முழுகிப் போச்சு என்று நினைத்தேன்.

"சரி, நீ ஒரு வாய், நாங்க ஒரு வாய். ஓகேவா?"

பேரம் படிந்துவிட்டது! பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவருவது ஒரு கலை. எல்லோருக்கும் வாய்க்காது.

நான் ஒரு வாய் விழுங்கினேன். அவர்கள் ஆளுக்கு ஒரு வாய் விழுங்கினார்கள். நான் சற்றுத் தயங்கினால் சின்னவன் தன் ஸ்பூனை விமானமாக்கி, உர்ரென்று என் வாய்க்குள் தரையிறக்கினான். "இன்னும் கொஞ்சந்தான், அவ்ளோதான்" என்றாள் மூத்தவள். கடைசி வாயைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே தள்ளினேன்.

மூன்று கிண்ணமும் காலி. வழித்து வைத்த மாதிரி.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். நான் வெற்றிச் செய்தியைத் தொடங்குவதற்குள் மூத்தவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டோம். அப்பா பூராவும் சாப்பிட்டாரு."

"அடம் பிடிச்சாரா?"

"முதல்ல கொஞ்சம். அப்புறம் சமத்தா சாப்பிட்டாரு. நீ வேலைக்குப் போம்மா. அப்பாவ நாங்க பாத்துக்கறோம்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியிலேயே மூக்கை உறிஞ்சும் சத்தமாக மாறியது.

"சரிடா கண்ணு. நான் போய்ச் சொல்லிடறேன்."

ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

சின்னவன் துண்டோடு வந்து, நாற்காலியில் ஏறி நின்று, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, வாயைத் துடைத்துவிட்டான்.